வட்டக்கானல் – வெள்ளகவி – கும்பக்கரை: ஊற்றுத் தண்ணீரை நம்பி இறங்கலாமா?

மதுரைப்பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். சனவரியில் கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை, வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக அடிவாரத்தில் இருக்கிற கும்பக்கரை அருவிக்கு நடந்தே இறங்கலாம் என்று நாங்கள் நாலு பேர் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒருவர் என் அப்பா. அறுபதை நெருங்குகிறார். தினமும் காலையில் நடப்பவர்தான், ஆனால் மலை இறங்கிப் பழக்கமில்லை. அவர் வருவதற்கே காரணம் பழைய கட்டுமானங்கள்தான். கல்திட்டை, சுமைதாங்கி, மண்டபம், நடுகல் என்று எது கிடைத்தாலும் அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றுவிடுவார்.

எனக்கு இரண்டு சந்தேகம். முதலாவது தண்ணீர். வழி நெடுக ஊற்று இருக்கிறது, சும்மா காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போ என்று ஒரு நண்பன் சொல்கிறான், இன்னொருவன் ஆளுக்கு ஐந்து லிட்டர் சுமக்காமல் போகாதே என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? அப்படியே குடிக்கலாமா, காய்ச்ச வேண்டுமா? இரண்டாவது, இந்தப் பாதையில் அப்பா பார்க்கிற மாதிரி பழையது ஏதாவது இருக்கிறதா, அல்லது அதற்கு வேறு பக்கம் போக வேண்டுமா? இணையத்தில் தேடினால் எல்லோரும் மேகத்துக்கு முன்னால் கையை விரித்து நிற்கிற படம்தான் வருகிறது, உருப்படியாக எதுவும் தெரியவில்லை.

---

பாறைமேல்காகம்:

தம்பி, உங்கள் இரண்டு நண்பர்களும் பாதி பாதி சரி.

இது ஏற்றம் இல்லை, இறக்கம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், கும்பக்கரைக்குப் பக்கத்து ஊரான பெரியகுளம் 300 மீட்டருக்குள். அதனால் மொத்தம் 1,500 மீட்டருக்கும் அதிகமாக இறங்குகிறீர்கள். மேலே குளிர், சோலைக்காடு, காலடியில் ஈரம், தாகமே எடுக்காது. ஊற்றுகளும் அங்கேதான் அதிகம். வெள்ளகவியைத் தாண்டிக் கீழே போகப் போகக் காடு வறண்டுகொண்டே வரும், வெயில் நேராக மண்டையில் இறங்கும், அப்போதுதான் தொண்டை காயும், அங்கேதான் ஊற்று குறைவு. இதைக் கணக்கில் வைக்காமல் மேலே பார்த்த தண்ணீரை நம்பி இறங்குகிறவர்கள்தான் கடைசி ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து விடுகிறார்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் கொள்ளுகிற அளவுக்குப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது பாதி நிரப்பினால் போதும், வெள்ளகவியை விட்டுக் கிளம்பும்போது முழுதாக நிரப்பிவிடுங்கள். ஐந்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் முட்டி போய்விடும், அதுவும் உங்கள் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலாகவே வீட்டிலிருந்து கொண்டு போய்விடுங்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இருக்கிற நடைமுறை அது.

சரி, குடிக்கலாமா என்பதற்கு வருகிறேன். ஊற்றுக்கும் ஓடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். பாறை வெடிப்பிலிருந்து நேராகக் கசிகிற இடம் என்றால் பெரும்பாலும் யாராவது ஒரு இலையை மடித்தோ, மூங்கிலைப் பிளந்தோ அந்த வெடிப்பில் செருகி வைத்திருப்பார்கள், தண்ணீர் அதன் நுனியிலிருந்து நூல் மாதிரி விழும். அந்த நுனியில் பாட்டிலைப் பிடித்தால் அது ஊற்றுத் தண்ணீர். அதே தண்ணீர் கீழே ஒரு குழியில் தேங்கி நிற்கும், ஓரமெல்லாம் குளம்புத் தடம், தலைப்பிரட்டை நீந்தும். அதில் முக்கி எடுத்தால் காட்டுமாடும் குதிரையும் குடித்து மிச்சம் வைத்ததைக் குடிக்கிறீர்கள். நடுவில் ரெண்டு அடி தூரம்தான் இருக்கும்.

இன்னொரு அடையாளம். முந்தின நாள் மழை பெய்திருந்து, ஒரு ஊற்று கலங்கலாக வருகிறது என்றால் அது உண்மையில் பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் இல்லை, மேலே ஓடுகிற தண்ணீர் கல்லுக்கடியில் கொஞ்ச தூரம் நுழைந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். மழைக்குக் கலங்காமல், கோடைக்கு அளவு சட்டென்று குறையாமல், காலையில் கை வைத்தாலும் மத்தியானம் கை வைத்தாலும் ஒரே குளிர்ச்சியாக இருப்பதுதான் ஆழத்திலிருந்து வருவது.

நான் நல்ல ஊற்றில் அப்படியே குடிப்பேன்.

---

லேப்காரர்:

மேலே சொன்ன அடையாளமெல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தெளிவாக இருக்கிற தண்ணீருக்கும் சுத்தமான தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை. அந்த வெடிப்புக்கு மேலே இருபது அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மலையில் பிறந்து வளர்ந்தவர் வயிறு வேறு, மதுரையில் கேன் தண்ணீர் குடித்து வளர்ந்த வயிறு வேறு. வயதானவர் கூட வருகிறார், பாதை பாதியில் வயிறு கெட்டால் தூக்கிக்கொண்டு வர வண்டி வராத இடம்.

காய்ச்சுவதுதான் நிச்சயம். தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம் விடுங்கள், அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால்தான் கூடுதல் நேரம். ஆனால் காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது தப்பு, அதனால் இந்தப் பாதைக்கு அந்த வழி ஒத்து வராது. குளோரின் மாத்திரை சுலபம், போட்டுக் குலுக்கி அரை மணி நேரம் காத்திருங்கள், ஊற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. கலங்கலாக இருந்தால் முதலில் வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டுத்தான் மாத்திரை, இல்லாவிட்டால் மருந்து அழுக்கோடே செலவாகிவிடும். ஒரு சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு மசியாது, அதற்கு 0.1 மைக்ரான் வடிகட்டி இருக்கிறது, கையடக்கமாகவே கிடைக்கும். அதில் பாக்டீரியா, ஒட்டுண்ணி நிற்கும், வைரஸ் நிற்காது. நான் வடிகட்டி, அப்புறம் மாத்திரை, இரண்டும் செய்வேன், அதிகப்படி என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தேங்கின தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் குடித்துத்தான் வரும் என்றில்லை, காயம் வழியாகவும் வரும். அட்டை கடித்த இடமும் காயம்தான்.

---

பாறைமேல்காகம்:

லேப்காரர் ஐயா, ஒப்புக்கொள்கிறேன், அப்பாவுக்கு மாத்திரை போட்டே கொடுங்கள். எனக்கு மட்டும் விதிவிலக்கு.

---

குதிரைலாடம்:

பழைய கட்டுமானங்கள் பற்றி யாரும் பேசவில்லையே, அது என் பங்கு.

முதலில் ஒன்று. நீங்கள் நடக்கப் போகிற பாதையே பழைய கட்டுமானம்தான், தனியாக ஒன்றைத் தேட வேண்டாம். பேருந்து போகிற மலைச்சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு எல்லாமே பெரியகுளம் பக்கமிருந்துதான் ஏறியது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டியபோது சாமான் எல்லாம் ஆள் தலையில்தான் போயிருக்கிறது. 1875இல் அம்மையநாயக்கனூருக்கு, அதுதான் இப்போதைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன், ரயில் வந்த பிறகும் அங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரத் தோப்பு வரைக்கும் வந்து, குதிரையிலோ நாலு பேர் தூக்குகிற நாற்காலியிலோ கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூருக்கு ஏறினார்கள். உங்கள் வழி அதற்குப் பக்கத்து வழி, வெள்ளகவிக்காரர்கள் வழி. பாதையைக் கவனித்துப் பார்த்தால் தெரியும், சரிவில் நேராக இறங்காமல் குறுக்கே இழுத்து இழுத்துப் போகும், திருப்பத்தில் கல் அடுக்கி மண்ணைத் தாங்க வைத்திருப்பார்கள், சுமையோடு வருகிற குதிரை திரும்புகிற அளவுக்கு அந்த இடம் மட்டும் அகலமாக இருக்கும். புதிதாக வெட்டிய குறுக்கு வழியில் அது இருக்காது. நாலு திருப்பம் நடந்தாலே உங்கள் அப்பாவுக்குப் பிடிபட்டுவிடும்.

தண்ணீரையும் பழைய இடங்களையும் நீங்கள் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், நடக்கும்போது அது ஒன்றாகிவிடும். சுமைக்காரர் இளைப்பாறுகிற இடம் என்றால் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், தண்ணீர் இருந்தால் நாளடைவில் ஒரு சாமி கல் வரும், சாமி வந்தால் மரத்தை வெட்ட மாட்டார்கள். இந்த இறக்கத்தில் பெரிய மரம், அதனடியில் மஞ்சள் பூசின கல், சுற்றித் தேய்ந்து வழுவழுப்பான பாறை என்று மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால் நின்று காதைக் கொடுங்கள், ஊற்று எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கும்.

சுமைதாங்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்க வைத்தது, தலைச்சுமையை இன்னொருவர் உதவி இல்லாமல் இறக்கி ஏற்ற ஆள் உயரத்துக்கு இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து இறந்து போன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். அதெல்லாம் சமவெளிச் சாலையோரத்தில்தான் நிறைய, பெரியகுளத்துக்கு வரும் வழியிலேயே ஊர்ப்புறங்களில் கண்ணை வைத்துக்கொண்டு வாருங்கள்.

கல்திட்டைக்கு இந்தப் பாதை சரிப்படாது. அதற்குப் பழனி மலைத்தொடரின் மற்ற பக்கங்களுக்குப் போக வேண்டும், தாண்டிக்குடி, பேத்துப்பாறை, பெருமாள்மலை வட்டாரம். செண்பகனூரில் இருந்த சேசு சபைப் பாதிரியார் ஆங்கிலேட் இவற்றை ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்தார், 1928இல் இந்தியத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. செண்பகனூர் அருங்காட்சியகத்தில் இந்த மலையில் கிடைத்த பழம்பொருள்கள் வைத்திருக்கிறார்கள், முதல் நாள் கொடைக்கானலில் தங்குவதென்றால் அப்பாவை அங்கே கூட்டிப் போங்கள், நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

நேரில் பார்த்தால் கல்திட்டை பெரிதாக ஒன்றும் மிரட்டாது. வெறும் பாறை மேல் மூன்று பக்கம் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். சாந்து கிடையாது, எடை எடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குனிந்தால் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். மூடுகல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் உளி வேலை இல்லாமல் பாறையை ஏடாகப் பிளந்து எடுத்தது தெரியும். சில இடத்தில் சுற்றிக் கல் அடுக்கிய சுவர் கூட இருக்கிறது. ஊரில் கேட்டால் பாண்டவர் வீடு என்பார்கள், இன்னொரு ஊரில் குள்ளர் வீடு. இரும்புக்காலத்து ஈமச்சின்னம் என்கிறது தொல்லியல். நான் பார்த்த ஒன்றில் உள்ளே உடைந்த பீர் பாட்டில், வெளியே யாரோ புதையலுக்குத் தோண்டிய குழி. புதையலாம். மண்பானையும் துருப்பிடித்த இரும்பும்தான் வரும், இருந்தும் தோண்டுகிறார்கள்.

---

சோலைக்குருவி:

ஊற்று எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் சனவரி ஏன் நல்ல மாதம் என்று புரியும்.

பழனி மலைத்தொடருக்கு அடியில் சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. தண்ணீர் அதற்குள் போகாது, வெடிப்பில் மட்டும்தான் இறங்கும். அதற்கு மேலே பல காலமாக உளுத்துப் போன பாறையும் சோலை மண்ணும். மழைநீரை இந்த மேலடுக்கு பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மெதுவாகக் கீழே இறங்குகிற தண்ணீர் கெட்டிப் பாறையை முட்டி, போக வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு எங்கே வெட்டுப்படுகிறதோ அங்கே வெளியே வரும். ஆகவே ஊற்றின் ஆயுள் அதற்கு மேலே என்ன மாதிரி காடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த மலைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவம். அப்போது அட்டையும் வழுக்கலும், பாறையில் கால் நிற்காது. சனவரியில் மழை ஓய்ந்திருக்கும், பூமிக்குள் போன தண்ணீர் ஊற்றில் நன்றாக வந்துகொண்டிருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய ஆரம்பித்தால் ஊற்றும் இளைக்கும், காட்டுத்தீயும் அப்போதுதான். நல்ல மாதம் பார்த்திருக்கிறீர்கள்.

மேலே வழியில் சீகை மரம் (வாட்டில் என்பார்கள்), யூகலிப்டஸ், பைன் எல்லாம் வரும், வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இவை புல்வெளியில் பரவி ஊற்றை வற்ற வைத்துவிட்டன என்று பெரியவர்கள் திட்டுவார்கள், அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதனால் மொத்தமாக வெட்டிவிடலாம் என்று கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை. வட்டக்கானல் பக்கமே நின்று பாருங்கள், பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்து நிற்கும். வெட்டினால் வெயில் பட்டு அதுவும் போகும், சீகையின் விதை வேறு மண்ணுக்குள் காத்துக்கொண்டிருக்கும்.

குறிஞ்சி பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். 2018இல் பூத்தது, இனி 2030.

---

வத்தலக்குண்டுவாசி:

அனுமதி வாங்கினீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இல்லாமல் மேலே இவ்வளவு எழுதி என்ன பயன்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று தொடங்கியது, இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். எந்தப் பாதை எப்போது திறந்திருக்கிறது என்பதை அதிலேயே பாருங்கள், தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். நீங்கள் சொல்கிற முழு வழிக்கும், அதாவது கும்பக்கரை வரைக்கும், அனுமதி உண்டா என்று வனத்துறையில் தனியாகக் கேளுங்கள். வெள்ளகவி வரை போய்த் திரும்புவது ஒன்று, கீழே இறங்குவது வேறு.

---

மதுரைப்பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குதிரைலாடம் அண்ணன் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், இப்போது அவர் தாண்டிக்குடி போயே ஆக வேண்டும் என்கிறார், பயணம் ஒரு நாள் நீண்டுவிட்டது.

வெள்ளகவியில் சாப்பாடு, தங்க இடம் கிடைக்குமா? செருப்பு போடக் கூடாது என்கிறார்களே, உண்மையா? கும்பக்கரையில் போய் இறங்கி அருவியில் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்றும் ஒரு ஆசை.

---

குதிரைலாடம்:

உண்மைதான். ஊருக்குள் யாரும் செருப்பு போட மாட்டார்கள், ஊர் முழுக்கக் கோயில், ஊரையே கோயில் மாதிரித்தான் நடத்துகிறார்கள். எல்லைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஊர் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம். ஒரு பை வைத்திருந்தால் வசதி. யாரும் அதட்ட மாட்டார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பாடு, தங்கல் எல்லாம் வழிகாட்டி மூலமாக முன்னாலேயே சொல்லி வையுங்கள். அங்கே விற்கிற அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் போனது, அதனால் விலையைப் பேரம் பேசாதீர்கள். அவர்கள் காபியும் வெண்ணெய்ப்பழமும் அதே குதிரையில்தான் வெளியே வருகிறது. உடம்புக்கு முடியாதவரைக் கம்பில் போர்வையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற ஊர் அது. உங்கள் அப்பா மண்சுவர் வீட்டைப் பார்த்து, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ரோடு வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று யாரிடமாவது சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் நிறைய பேர் சொல்லிவிட்டு வருகிறார்கள், கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

---

பாறைமேல்காகம்:

அருவியைப் பற்றி நான் சொல்கிறேன். கும்பக்கரையில் விழுவது பாம்பாறு. வட்டக்கானலுக்குப் பக்கத்தில் மேலே ஒரு அருவி பார்ப்பீர்களே, அதே ஆறு. அதனால் கீழே வானம் பளிச்சென்று இருக்கும், மேலே கொடைக்கானலில் மழை பெய்திருக்கும், தண்ணீர் சட்டென்று ஏறும். வனத்துறை குளிக்கத் தடை போட்டிருந்தால் வாக்குவாதம் பண்ணாமல் வந்துவிடுங்கள். பாறைக்குழிகள் ஆழம், வழுக்கும், மலை இறங்கித் தளர்ந்த காலோடு அதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கரையில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும்.

அப்பாவுக்கு ஆளுயரக் கம்பு ஒன்று, இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஷூ விரல் நுனியில் கொஞ்சம் இடம் விட்டதாக இருக்கட்டும், இறக்கத்தில் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துப் போகும். போவதற்கு முன்னால் மாடிப்படி ஏறுவதை விட இறங்கிப் பழகச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்காவது வட்டக்கானலை விட்டுக் கிளம்பிவிடுங்கள், அவர் ஒவ்வொரு கல்லுக்கும் அரை மணி நேரம் நிற்பார் என்றால் ஆறு மணிக்கே. வெள்ளகவியில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டால் அன்றைக்கு இறங்காமல் அங்கேயே தங்கிவிடுவது மேல், கீழ்ப்பாதையில் இருட்டினால் யானை நடமாட்டம் வேறு.

கும்பக்கரையிலிருந்து பெரியகுளம் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். சாயங்காலம் ஆட்டோ கிடைப்பது சந்தேகம், காலையிலேயே ஒருவரிடம் சொல்லி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.